வால்வு ஆம்ப்ளிஃபையரில் ஹம்: ஹெச்டி சப்ளையில் பிழை தேடும் வழிமுறை

வீட்டில் கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபையரில் ஹம் வந்தால் பலரும் முதலில் செய்வது, ஹெச்டியில் (வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்ட் டிசி சப்ளை) இருக்கும் 47 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) கன்டென்சரைக் கழற்றிவிட்டு 220 எம்எஃப்டி போடுவதுதான். சில செட்டில் சத்தம் குறையும். பல செட்டில் 'ம்ம்ம்' என்று இருந்தது 'சுர்ர்' என்று மாறி இன்னும் எரிச்சலாகும். ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வு இருந்தால் அதன் ஆயுளும் போய்விடும். ரிப்பிள், அதாவது டிசியில் மிஞ்சும் ஏசி அலை, எவ்வளவு இருக்கிறது, எந்த வயர் வழியாக ஓடுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கன்டென்சரின் அளவில் கை வைக்க வேண்டும்.

கணக்குக்கு ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்டீரியோவாக இரண்டு ஈஎல்84 அவுட்புட் வால்வு, அவற்றுக்கு முன்னால் சேனலுக்குப் பாதியாக ஒரு ஈசிசி83 வால்வு, ரெக்டிஃபையர் வால்வு ஈஇசட்81. டிரான்ஸ்பார்மர் 250-0-250 வோல்ட். முதல் கன்டென்சர் 47 எம்எஃப்டி, பிறகு 10 ஹென்றி சோக் (இரும்புக் கோரில் சுற்றிய காயில்), இரண்டாம் கன்டென்சர் 47 எம்எஃப்டி. அங்கிருந்து 10 கே (கே என்றால் ஆயிரம் ஓம்) ரெசிஸ்டர், 22 எம்எஃப்டி வழியாக ஈசிசி83-க்கு சப்ளை. மொத்தக் கரண்ட் சுமார் 110 மில்லி ஆம்பியர். முதல் கன்டென்சரில் ஏறக்குறைய 300 வோல்ட் இருக்கும். சோக்கின் 200 ஓம் ரெசிஸ்டன்ஸில் 22 வோல்ட் விழுந்து இரண்டாவதில் 278 வரும். உங்கள் செட் வேறாக இருந்தாலும் வழிமுறை இதேதான்.

கை வைப்பதற்கு முன்

300 வோல்ட் டிசி ஆளைக் கொல்லும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சரில் சார்ஜ் நிற்கும். முதல் கன்டென்சருக்குக் குறுக்கே இரண்டு 100 கே, 2 வாட் ரெசிஸ்டர்களை சீரிஸில் நிரந்தரமாகப் பற்ற வையுங்கள். ஒரே 220 கே போட்டால் வாட் தாங்கும், ஆனால் சின்ன ரெசிஸ்டரின் வோல்டேஜ் ரேட்டிங் போதாமல் போகலாம், அதனால்தான் இரண்டு. இரண்டு 47 எம்எஃப்டியும் சேர்ந்து 94. 200 கேயுடன் கணக்குப் போட்டால் ஒன்றரை நிமிடத்தில் சில வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பற்று விட்டுப்போன ரெசிஸ்டரும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. 2.2 கே, 10 வாட் வயர்வவுண்டு ரெசிஸ்டரின் இரு முனையிலும் முதலைக் கிளிப் வைத்து ஒரு டிஸ்சார்ஜ் கம்பி செய்துகொள்ளுங்கள். ஐந்து விநாடி பிடித்து, மீட்டரில் பார்த்து, 10 வோல்ட்டுக்குக் கீழே என்றால்தான் கை போகலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் கன்டென்சரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து.

மொசைக் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள். காய்ந்த பலகை மேல் உட்காருங்கள், செருப்பும் காலில் இருக்கட்டும். கரண்ட் ஓடும்போது ஒரு கை மட்டும் உள்ளே போகட்டும். பழுது பார்த்த செட்டை முதல் தடவை ஆன் செய்வது எப்போதும் 100 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு வழியாகத்தான். இந்த செட் மொத்தம் 60 வாட்டுக்குப் பக்கமாக எடுக்கும். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. முழு வெளிச்சத்திலேயே நின்றால் எங்கோ ஷார்ட்.

முதலில் சத்தத்தை வகை பிரியுங்கள்

நம் லைன் 50 ஹெர்ட்ஸ். ஃபுல்வேவ் ரெக்டிஃபையரின் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். இந்த இரண்டையும் காதால் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, ஹெட்போனில் 50, 100 இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். போனின் சொந்த ஸ்பீக்கரில் இந்தச் சத்தங்கள் ஒழுங்காக வராது.

மதுரைப் பக்கம் இந்த வேலையில் இறங்குகிறவர்களில் பலர் மைக் செட்டிலிருந்து வந்தவர்கள். கையில் இருக்கும் குழாய் ஸ்பீக்கரிலேயே டெஸ்ட் செய்துவிடுவார்கள். குழாயில் 100 ஹெர்ட்ஸ் அநேகமாகக் கேட்காது. அதன் மேல் மடங்குகள், அதாவது 300, 500 என்று போகும் 'சுர்ர்' மட்டும்தான் கேட்கும். திருவிழாவில் சுத்தமாக இருந்த செட் வீட்டில் 10 இஞ்ச் பெட்டியில் போட்டதும் முழங்குவது இதனால்தான். ஹம் தேடுவதற்கு 8 அல்லது 10 இஞ்ச் ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் அவசியம்.

அடுத்து, வால்யூமை ஏற்றி இறக்குங்கள். சத்தமும் கூடக் குறைய வந்தால் பிழை வால்யூமுக்கு முன்னால், இன்புட் பக்கம். மாறவில்லை என்றால் ஆஃப் செய்து ஈசிசி83-ஐ எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் அப்படியே நின்றால் அவுட்புட் ஸ்டேஜின் சப்ளை அல்லது ஈஎல்84. காணாமல் போனால் ஈசிசி83-இன் சப்ளை, அதன் ஹீட்டர், அல்லது கிரவுண்டு வயரிங்.

அறிகுறி: 100 ஹெர்ட்ஸ், மொழுமொழுவென்ற ஹம், வால்யூமால் மாறவில்லை

இது அசல் ஃபில்டர் பிழை. ரிப்பிளை அளந்துவிடுங்கள். சாதா மஞ்சள் மீட்டரை ஏசியில் வைத்து ஹெச்டியில் தொட்டால் டிசியையும் சேர்த்துப் பெரிய எண்ணைக் காட்டும். அதை நம்ப வேண்டாம். 0.1 எம்எஃப்டி, 630 வோல்ட் பிலிம் கன்டென்சரை மீட்டரின் சிவப்பு முனையோடு சீரிஸில் வைத்து அளந்தால் ரிப்பிள் மட்டும் வரும். அளந்து முடித்ததும் அந்தக் கன்டென்சரையும் டிஸ்சார்ஜ் செய்ய மறக்காதீர்கள், அதிலும் 300 வோல்ட் இருக்கும்.

எவ்வளவு இருக்க வேண்டும்? முதல் கன்டென்சரில் உச்சிக்கு உச்சி ரிப்பிள் என்பது கரண்டை 100-ஆலும் கன்டென்சராலும் வகுத்தால் வருவது: 0.11 ÷ (100 × 0.000047), ஏறக்குறைய 23 வோல்ட். மீட்டரில் 5 முதல் 7 வோல்ட் ஏசி காட்டும். இது பிழையில்லை, இயல்பு. 10 ஹென்றியும் 47 எம்எஃப்டியும் சேர்ந்து இதை 184 மடங்கு குறைக்கும், ஆகவே இரண்டாம் கன்டென்சரில் 30 முதல் 40 மில்லிவோல்ட்தான் மிஞ்ச வேண்டும். சோக்குக்குப் பதில் 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போட்ட செட்டில் குறைப்பு ஆறரை மடங்கு மட்டுமே. ஒரு வோல்ட் மிஞ்சும். அந்த செட் ஹம் அடிப்பதில் வியப்பில்லை.

முதல் இடத்தில் 6 வோல்ட்டுக்குப் பதில் 15, 20 காட்டி ஹெச்டியும் இறங்கியிருந்தால் முதல் கன்டென்சர் காய்ந்துவிட்டது. முதல் இடம் சரி, இரண்டாவதில் அரை வோல்ட் என்றால் இரண்டாம் கன்டென்சர் போய்விட்டது அல்லது சோக்கின் சுற்று உள்ளே ஷார்ட். கன்டென்சர் மீட்டரில் 47 என்றே காட்டினாலும் உள் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கலாம். ஆஃப் செய்து, டிஸ்சார்ஜ் செய்து, நல்ல 47 எம்எஃப்டி, 450 வோல்ட் கன்டென்சரை இரண்டாம் கன்டென்சருக்கு இணையாகக் கிளிப் வைத்து ஆன் செய்தால் தெரிந்துவிடும். முதல் கன்டென்சருக்கு இப்படி இணையாக வைக்க வேண்டாம்: ஈஇசட்81-க்கு அதிகபட்சம் 50 எம்எஃப்டிதான் அனுமதி. அங்கே கழற்றி மாற்றித்தான் பார்க்க வேண்டும். ரெக்டிஃபையர் வால்வு ஜிஇசட்34 என்றால் 60 வரை தாங்கும்.

நம் கணக்கு செட்டைப் போல சேனலுக்கு ஒரே அவுட்புட் வால்வு உள்ள சிங்கிள் எண்டட் செட்டில் ஸ்க்ரீன் கிரிட்டை (பிளேட்டுக்கு முன்னால் உள்ள கம்பிச்சுருள்) கவனியுங்கள். ஈஎல்84 போன்ற பென்டோடில் பிளேட் பக்க ரிப்பிளைவிட ஸ்க்ரீன் வழியாக நுழைவதுதான் பெரிதாகி ஸ்பீக்கருக்கு வரும். இரண்டு ஈஎல்84-க்கும் ஸ்க்ரீனுக்கென்று தனியாக 1 கே, 2 வாட் ரெசிஸ்டரும் 22 எம்எஃப்டியும் வைத்துப் பாருங்கள். 11 வோல்ட் போனாலும் ஹம் நன்றாகவே இறங்கும். சேனலுக்கு இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ்புல் செட்டில் கதை வேறு: இரு பக்க வால்வும் ஒத்துப்போனால் ரிப்பிள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். புதிதாக ஹம் ஆரம்பித்தால் கன்டென்சருக்கு முன் இரு வால்வின் கேத்தோடு கரண்டையும் ஒப்பிடுங்கள்.

அறிகுறி: 'சுர்ர்' என்ற கூரான சத்தம், கன்டென்சர் பெரிதானால் கூடுகிறது

வீட்டில் கட்டும் செட்டில் அதிகம் வருவதும், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். ரெக்டிஃபையர் முதல் கன்டென்சருக்குக் கரண்டை ஒரே சீராகக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு அரைச்சுற்றின் உச்சியிலும் சில மில்லி விநாடி மட்டும் திறந்து மொத்தத்தையும் தள்ளும். சராசரி 110 மில்லி ஆம்பியர் என்றாலும் அந்தத் துடிப்பு அரை ஆம்பியரைத் தாண்டும். கன்டென்சர் பெரிதாகப் பெரிதாகத் துடிப்பு குறுகும், உயரும்.

இந்தத் துடிப்பு திரும்பிப் போகும் வயரில் இன்புட்டின் கிரவுண்டும் இணைந்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 10 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3.6 மில்லி ஓம். அதில் 0.7 ஆம்பியர் ஓடினால் இரண்டரை மில்லிவோல்ட். அரை வோல்ட் இன்புட்டில் முழுச் சத்தம் கொடுக்கும் செட்டில் இது 46 டெசிபல்தான் கீழே. அமைதியான அறையில் தெளிவாகக் கேட்கும். எத்தனை எம்எஃப்டி சேர்த்தாலும் போகாது.

வயரிங்கை இப்படி மாற்றுங்கள். டிரான்ஸ்பார்மரின் சென்டர் டேப்பை (250-0-250-இன் நடு முனை) சேசிஸில் (செட்டின் உலோகச் சட்டம்) எங்கும் தொடாமல் 1 சதுர மில்லிமீட்டர் வயரில் நேராக முதல் கன்டென்சரின் நெகட்டிவ் காலுக்கே கொண்டுபோங்கள். அந்தக் காலில் இருந்து ஒரே ஒரு வயர் இரண்டாம் கன்டென்சரின் நெகட்டிவுக்கு. ஈஎல்84-களின் கேத்தோடு ரெசிஸ்டர், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் செகண்டரியின் கிரவுண்டு எல்லாம் இரண்டாவதில். அங்கிருந்து ஒரே வயர் மூன்றாவது 22 எம்எஃப்டியின் நெகட்டிவுக்கு. ஈசிசி83-இன் கேத்தோடு, கிரிட் ரெசிஸ்டர், வால்யூம், இன்புட் சாக்கெட்டின் கிரவுண்டு அனைத்தும் அதில். சேசிஸோடு தொடும் இடம் ஒன்றே ஒன்று, இன்புட் பக்கத்தில். இன்புட் சாக்கெட்டுகள் சேசிஸில் படாதபடி பிளாஸ்டிக் புஷ் போட்டு மாட்டுங்கள். மெயின் எர்த் வயருக்குத் தனி போல்ட், பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷரோடு. எர்த்தை வெட்டிவிட்டு ஹம்மைக் குறைக்கும் வழியை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சேசிஸையே நெகட்டிவாக வைத்துக் கட்டிய பழைய மைக் செட்டுகளைப் பார்த்து அப்படியே செய்கிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். மைக்கும் குழாயும் சேர்ந்த செட்டில் கூட்டச் சத்தத்தில் அது தெரியாது, வீட்டுக்குள் தெரியும்.

ஈஇசட்81-க்குப் பதில் சிலிக்கான் டயோடு போட்டிருந்து, வயரிங் சரியான பிறகும் மெல்லிய கிறுகிறுப்பு மிஞ்சினால் அது டயோடு மூடும்போது வரும் சத்தம். செகண்டரிக்குக் குறுக்கே 0.01 எம்எஃப்டி, 2 கேவி கன்டென்சரோடு 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டரை சீரிஸில் வையுங்கள், அல்லது வேகமாக மூடும் யுஎஃப்4007 டயோடாக மாற்றுங்கள். சென்டர் டேப் வகையில் ஒவ்வொரு டயோடும் இரு பாதிகளின் உச்சியையும் தாங்க வேண்டும். 350-0-350 என்றால் 990 வோல்ட் ஆகிறது. 1000 வோல்ட் 1என்4007 ஒன்று போதாது, பக்கத்துக்கு இரண்டை சீரிஸில் போடுங்கள்.

அறிகுறி: 50 ஹெர்ட்ஸ்

ஹெச்டியும் சேர்ந்து இறங்கியிருந்தால் ரெக்டிஃபையரின் ஒரு பக்கம் செத்துப்போய் ஹாஃப்வேவாக ஓடுகிறது. இரு பிளேட்டிலும் ஏசி சமமா என்று பாருங்கள். சமம் என்றால் வால்வு அல்லது டயோடு, இல்லை என்றால் வைண்டிங்.

ஹெச்டி சரியாக இருந்தால் ஹீட்டர். இரு வயரையும் இறுக்கி முறுக்கி சேசிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். 6.3 வோல்ட்டுக்கு சென்டர் டேப் இல்லை என்றால் இரண்டு 100 ஓம் போட்டு நடுப்புள்ளி உண்டாக்கி, அதைக் கிரவுண்டில் வைக்காமல் சுமார் 36 வோல்ட்டில் தூக்கி வையுங்கள்: ஹெச்டியிலிருந்து 220 கே, கிரவுண்டுக்கு 33 கே, அதன் குறுக்கே 22 எம்எஃப்டி 63 வோல்ட். ஈஇசட்81-ஐயும் அதே வைண்டிங்கில் ஓட்டினால் இதனால் தொந்தரவு இல்லை.

இரண்டும் இல்லை என்றால் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் பாய்கிறது. ஈஇசட்81-ஐக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். ஹெச்டியே இல்லாமலும் ஸ்பீக்கரில் முனகல் இருந்தால் இதுதான். அவுட்புட் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி 90 டிகிரி திருப்பி, சத்தம் மறையும் இடத்தைக் கண்டுபிடித்துப் பிறகு துளை போடுங்கள். சோக்கும் இதே விதிக்கு உட்பட்டதுதான்.

சோக் கிடைக்கவில்லை என்றால்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் கன்டென்சரும் ரெசிஸ்டரும் வாங்கிவிடலாம், 10 ஹென்றி சோக் கேட்டால் எப்போதும் கிடைக்காது. டிரான்ஸ்பார்மர் கட்டுகிறவரிடம் சொல்லிக் கட்டும்போது '10 ஹென்றி' என்று மட்டும் சொன்னால் போதாது. 'டிசி 120 மில்லி ஆம்பியர் ஓடும், கோரில் கேப் விட வேண்டும்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். கேப் இல்லாமல் இ-யும் ஐ-யும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய சோக், டிசி ஓடியதும் கோர் நிரம்பி ஒரு ஹென்றிகூடத் தராது. மேஜையில் அளந்தால் நல்லது போலவே காட்டும்.

அதுவரை பழைய 40 வாட் டியூப்லைட்டின் காப்பர் சோக் நல்ல மாற்று. ஏறக்குறைய 1.2 ஹென்றி. கேப் உள்ள கோர், 0.4 ஆம்பியர் தாங்குவது, ஆகவே 110 மில்லி ஆம்பியரில் சூடே ஆகாது. அதோடு 100 எம்எஃப்டி சேர்த்தால் 46 மடங்கு குறைப்பு, இரண்டை சீரிஸில் போட்டால் 90 மடங்குக்கு மேல். இரண்டாம் கன்டென்சரைப் பெரிதாக்க ரெக்டிஃபையர் தடை சொல்லாது, சோக் நடுவில் இருக்கிறது. ஆனால் அதன் இன்சுலேஷன் 230 வோல்ட் லைனுக்குச் செய்தது. மோட்டார் காயில் கட்டும் கடையில் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து காயிலுக்கும் உடலுக்கும் இடையே பார்த்து, உடலைக் கட்டாயம் எர்த் செய்து மாட்டுங்கள். ஹெச்டி 350-ஐத் தாண்டும் செட்டில் இதைப் போட வேண்டாம்.

அறிகுறி: 'டப் டப் டப்' என்று துடிப்பு

ஹம் இல்லை, ஊசலாட்டம். அவுட்புட் ஸ்டேஜ் இழுக்கும் கரண்டில் ஹெச்டி அசைந்து, அந்த அசைவு ஈசிசி83 வழியாகத் திரும்ப நுழைகிறது. ஈசிசி83 சப்ளையில் உள்ள 22 எம்எஃப்டி ஓபன் ஆகிப்போயிருப்பதே பெரும்பாலும் காரணம். அது நல்லதாக இருந்தால், ஈசிசி83-இலிருந்து ஈஎல்84-க்கு சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கன்டென்சரை 0.1-லிருந்து 0.047-க்கு இறக்குங்கள்.

அறிகுறி: மாலையில் மட்டும் மோசம், அல்லது இன்வெர்ட்டரில் மட்டும்

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கக் கிராமங்களில் கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் லைன் 190-க்கு வந்தால் ஹீட்டர் 5.2 வோல்ட்டுக்கு இறங்கும். வால்வு திணறும், சத்தம் கரகரக்கும். ஃபில்டரில் குறை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதலில் 6.3 வோல்ட்டை அளந்து பாருங்கள். அதே லைன் இரவில் 255-க்கு ஏறினால், வால்வுகள் சூடாகாத முதல் விநாடிகளில் சிலிக்கான் ரெக்டிஃபையர் செட்டின் முதல் கன்டென்சர் 390 வோல்ட்டையும் தாண்டிப் பார்க்கும். 400 வோல்ட் கன்டென்சர் அங்கே போடக் கூடாது. 450 குறைந்தபட்சம், 500 கிடைத்தால் இன்னும் நல்லது. டிரான்ஸ்பார்மர் கட்டும்போதே பிரைமரியில் 210, 230, 250 டேப் கேட்டு வாங்குங்கள்.

சதுர அலை இன்வெர்ட்டரில் வேறொரு விஷயம் நடக்கும். சதுர அலையின் உச்சியும் சராசரியும் ஒன்றே. ஹீட்டர் சரியாக எரியும், ஹெச்டி மட்டும் ஏறக்குறைய முப்பது சதவீதம் விழும். கூடவே ரீங்காரம். செட்டில் பழுதே இல்லை. சைன்வேவ் இன்வெர்ட்டரில் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: ஆன் செய்ததும் ஃபியூஸ் போகிறது, கன்டென்சர் சூடாகிறது

ஈஇசட்81-ஐக் கழற்றியும் ஃபியூஸ் போனால் டிரான்ஸ்பார்மர் அல்லது ஹீட்டர் வயரிங். கழற்றினால் நிற்கிறது என்றால் கன்டென்சர் ஷார்ட், அல்லது 50 எம்எஃப்டிக்கு மேல் வைத்து வால்வுக்குள் பொறி பறக்கிறது. பலமுறை பொறி பறந்த ரெக்டிஃபையரை மறுபடி நம்ப முடியாது.

பெரிய உறைக்குள் சின்னக் கன்டென்சர் வைத்த சரக்கும் சந்தையில் உண்டு. வாங்கியதை மாட்டும் முன் 100 கே, 2 வாட் வழியாக அதன் ரேட்டிங் வோல்டேஜில் சார்ஜ் செய்து பத்து நிமிடம் விடுங்கள். 100 கேயின் குறுக்கே அளந்தால் ஒரு வோல்ட்டுக்கு 10 மைக்ரோ ஆம்பியர் கசிவு. 10 வோல்ட்டுக்குக் கீழே என்றால் நல்ல சரக்கு. 50 வோல்ட்டுக்கு மேல் நின்றால் திருப்பிக் கொடுங்கள். வருஷக்கணக்கில் கிடந்த கன்டென்சரையும் இதே போல் மெதுவாக ஏற்றி எழுப்பலாம்.

மாட்டும் இடம் முக்கியம். கத்திரி வெயிலில் அறையே 40 டிகிரியைத் தொடும் ஊரில் ஈஎல்84-க்கு அருகே ஒட்டினாற்போல் நிற்கும் 85 டிகிரி கன்டென்சர் சீக்கிரம் காயும். 105 டிகிரி வகை வாங்குங்கள், அவுட்புட் வால்விலிருந்தும் ஈஇசட்81-இலிருந்தும் குறைந்தது 3 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், சேசிஸின் அடித்தட்டில் காற்றுத் துளை விடுங்கள். பத்து டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும்.